யாரு வரல்ல?

ஆசிரியர் அறைக்குள் நுழைந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். “யாரு வரல்ல?”

வணக்கம் கிடையாது, சாப்பிட்டாச்சா கிடையாது. கதவுக்குப் பக்கத்தில் நின்று, தோளில் கிடக்கும் பெரிய பையை இறக்காமலே நாற்காலிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். எங்கள் வேதியியல் துறையில் ஒன்பது நாற்காலி. ஏழு பேர் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருப்போம். எங்களை விட்டுவிட்டு வராதவரின் அந்த ஒற்றை நாற்காலியைப் பற்றித்தான் விசாரணை நடக்கும். வந்தவன் மூஞ்சியைப் பார்த்து ஒரு வார்த்தை பேசத் தெரியாதா என்று நான் எத்தனையோ நாள் முனகியிருக்கிறேன்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அவரைத் தெரிந்தவர்கள் என்னையும் கண்டுபிடித்துவிடுவார்கள். எல்லோரும் டீச்சர் என்றே கூப்பிட்டோம். கல்லூரியில் மேடம் என்பதுதான் முறை என்று துறைத்தலைவர் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். “எங்க ஊருல அங்கன்வாடியில இருந்து காலேஜு வரைக்கும் டீச்சர்தான் சாரே. நா எதுக்கு மேடம் ஆவணும்?” என்று சிரித்துவிட்டார். மேற்கே கேரள எல்லையை ஒட்டிய ஊர் அவருக்கு. வாக்கியத்தின் கடைசியைப் பாட்டு மாதிரி இழுப்பார். எங்கள் நாஞ்சில் நாட்டுக் காதுக்கு அது வேடிக்கை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, அவர் இல்லாத நேரம் பார்த்து, நாங்கள் அதைப்போல் பேசிக் காட்டிச் சிரித்ததும் உண்டு.

சுனாமிக்கு அடுத்த ஜூன் மாதம் துறையில் சேர்ந்தார். நாற்பது வயது இருக்கும். தற்காலிக ஆசிரியர், வருஷா வருஷம் புதுப்பித்தால் வேலை, இல்லையென்றால் இல்லை. அப்படிப்பட்டவர்கள் வந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் வழக்கம். இவருக்கு அந்த வழக்கத்தை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை போலிருக்கிறது.

முதல் வருஷம் துறைப் புகைப்படம் எடுத்த நாள் நினைவிருக்கிறது. பங்குனி வெயில். முன்வரிசை நாற்காலியில் நிரந்தர ஆசிரியர்கள், பின்னால் பெஞ்சில் மாணவர்கள். புகைப்படக்காரர் ஒற்றைக் கண்ணை மூடிவிட்டார். அப்போது பின்வரிசையிலிருந்து அவர் குரல்: “நில்லுங்க. யாரோ இல்ல.”

துறைத்தலைவர் கழுத்தைத் திருப்பாமலே, “எல்லாரும் இருக்கோம் டீச்சர்” என்றார்.

“தங்கம் அக்கா எங்க?”

தங்கம் அக்கா ஆய்வகத்தில் சோதனைக் குழாய் கழுவுகிறவர். இருபது வருஷமாக அமிலத்தில் கை நனைத்து விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து கிடக்கும். அத்தனை வருஷத்தில் அவர் எந்தப் புகைப்படத்திலும் நின்றது கிடையாது. நிற்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. டீச்சர் பெஞ்சிலிருந்து குதித்து, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாடிக்கு ஓடினார். கால் மணி நேரம். எனக்குச் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. கடைசியில் அக்காவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். “எனக்கு வேண்டாம் டீச்சர், கோலத்தப் பாருங்க” என்று அக்கா நெளிந்ததும், தன் பையிலிருந்து சீப்பை எடுத்துக் கொடுத்ததும் நினைவிருக்கிறது. அந்தப் படத்தில் எல்லோருடைய முகமும் கடுகடுவென்று இருக்கும். அக்கா மட்டும் சிரிக்கிறார்.

அந்தப் பைக்குள் சீப்பு மட்டுமல்ல, இரண்டு பழைய வெள்ளை லேப் கோட்டும் எப்போதும் இருக்கும். கோட்டு இல்லாமல் வரும் பிள்ளையை யாரும் பார்க்காத நேரத்தில் கூப்பிடுவார். “இது யாருக்கோ தச்சது மக்கா, ஒனக்கு அளவா இருக்கான்னு பாரு.” இரண்டு கோட்டும் மூன்றாம் வாரம் காணாமல் போகும். அடுத்த வாரம் வேறு இரண்டு இருக்கும்.

இதையெல்லாம் படித்துவிட்டு அவரை ஒரு புண்ணியவதி என்று நினைத்துவிட வேண்டாம். கூட வேலை செய்கிறவர்களுக்கு அவர் பெரிய உபத்திரவம். வராத பிள்ளையைத் தேடிப் போய் வந்திருக்கிற வகுப்பைக் காக்க வைப்பார். ஒரு தடவை மூன்றாம் ஆண்டு மாணவர்களைத் தொழிற்சாலை பார்க்கக் கூட்டிக்கொண்டு போகிறோம். காலை ஆறுக்கு பஸ் கிளம்ப வேண்டும். ஒரு பையன் இல்லை. அஞ்சுகிராமம் பக்கத்துப் பையன். “ஒருத்தனுக்காக நாப்பது பேரு காத்துக் கெடக்கணுமா?” என்று நான் கத்தினேன். “அந்த ஊருல இருந்து முத பஸ்ஸே அஞ்சே முக்காலுக்குத்தான் சாரே. நாம ஆறு மணின்னு வச்சது அவனுக்க குத்தமா?” என்று படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். அவர் எழுந்தால்தானே வண்டி நகரும். ஆறேமுக்காலுக்குப் பையன் வியர்த்து விறுவிறுத்து வந்தான். ஒரு திட்டும் இல்லை. “ஏறு மக்கா” என்றார், அவ்வளவுதான். போன இடத்தில் எங்களுக்கு மத்தியானச் சாப்பாடு கிடைக்கவில்லை. நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

ஆய்வகத்துக்கு வருகிறேன். எங்கள் ஆய்வகத்தில் மேசைக்கு மேசை வித்தியாசம் உண்டு. முன்னால் இருக்கும் மேசைகளில் நல்ல குழாய், நல்ல பியூரெட். அதாவது சொட்டுச் சொட்டாகத் திரவத்தை விட்டு அளக்கும் நீளமான கண்ணாடிக் குழாய். பின்னால் போகப் போக எல்லாம் பழசு. யார் எந்த மேசை என்பது சேர்ந்த வரிசைப்படி. முதல் பட்டியலில் சேர்ந்தவனுக்கு முதல் மேசை. கையில் காசு புரட்டி, சான்றிதழுக்கு அலைந்து, கடைசி நாளில் சேர்கிறவர்களுக்குக் கடைசி மேசை. யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. காலகாலமாக அப்படியே நடந்தது.

ஒரு நாள் டீச்சர் கடைசி மேசையில் நின்று தானே சோதனையைச் செய்தார். பிறகு அதே கரைசல்களோடு முதல் மேசைக்கு வந்து மறுபடியும் செய்தார். முன்னால் பதினெட்டு புள்ளி இரண்டு. பின்னால் பதினெட்டு புள்ளி ஏழு. இரண்டையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி என் முன்னால் வைத்தார்.

“பின்னால உள்ள பியூரெட்டு அடியில ஒழுகுது. அந்தப் பிள்ளைளுக்கு வருஷம் முழுக்க கணக்கு கூடத்தான் வரும். பியூரெட்டு ஒழுகினதுக்கு பிள்ளைக்க மார்க்கக் கொறைப்பியளா சாரே?”

நான் வேதியியல் படித்தவன். துண்டுக் காகிதத்தில் இருந்ததை மறுக்க முடியவில்லை. அடுத்த வாரத்திலிருந்து ஒவ்வொரு வாரமும் மேசை மாறியது. டீச்சர் மியூசிக்கல் சேர் நடத்துகிறார் என்று ஆசிரியர் அறையில் கேலி பேசினேன். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுக் கேட்டார்: “செரி, இந்த ஒம்பது நாற்காலியில கடப்புறத்து ஆளு ஒருத்தரும் இல்லியே. எத்தன வருஷமா இல்ல?”

கடப்புறம் என்றால் கடற்கரை. எங்கள் மாவட்டத்தில் எந்த ஊரிலிருந்து பஸ் ஏறினாலும் ஒரு மணி நேரத்துக்குள் கடல் வந்துவிடும். எங்கள் ஆசிரியர் அறைக்கு மட்டும் அங்கிருந்து ஒருவரும் வந்து சேரவில்லை. “அப்ளிகேஷன் போட்டாத்தானே” என்றார் துறைத்தலைவர். டீச்சர் வழக்கம்போல், “பின்ன, ஏன் போடல்ல?” என்றார். டிபன் டப்பாக்களை மூடினோம்.

இனி என் கதைக்கு வர வேண்டும். இவ்வளவு நேரமும் தள்ளிப் போட்டது அதைத்தான்.

துறையின் கால அட்டவணை என் பொறுப்பு. ஒவ்வொரு ஜூனிலும் பெரிய வெள்ளை அட்டையில் கட்டம் கட்டி, வண்ண மையில் எழுதி, துறை வாசலில் ஒட்டுவேன். மோதல் இல்லாமல் அட்டவணை போடுவதில் என்னை விட்டால் ஆளில்லை என்று மற்ற துறைக்காரர்களே சொல்வார்கள். அந்தப் பெருமை எனக்கு நிறைய இருந்தது.

அதில் இரண்டாம் ஆண்டுச் செய்முறை வகுப்பு வியாழன், வெள்ளி மத்தியானம். ஒன்றேமுக்காலிலிருந்து நாலேமுக்கால் வரை. சோதனையை முடித்து, குறிப்பேட்டில் என்னிடம் கையெழுத்து வாங்கிய பிறகுதான் போகலாம். அந்த வகுப்பில் கடற்கரைப் பெண்கள் நாலு பேர். நாலு பேரும் நாலு மணி ஆனதும் பையைத் தூக்கிக்கொண்டு நழுவுவார்கள். மூன்று பேர் பக்கத்து மேசைக்காரியின் அளவுகளை அப்படியே எழுதி மறுநாள் என்னிடம் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். எனக்குத் தெரியும், கண்டுகொள்ள மாட்டேன். ஜெனி என்ற பெண் மட்டும் அப்படிச் செய்யமாட்டாள். மணவாளக்குறிச்சியைத் தாண்டி உள்ள ஊர். செய்யாததை எழுதமாட்டேன் என்று பாதியோடு குறிப்பேட்டை நீட்டுவாள். நான் கையெழுத்துப் போடமாட்டேன். அப்படி ஆறு சோதனை சேர்ந்துவிட்டது. ஆறு கையெழுத்து இல்லாமல் ரெக்கார்டுக்குச் சான்று இல்லை. சான்று இல்லாமல் தேர்வு எழுத முடியாது.

டீச்சர் என்னிடம் வந்தார். “நாலு பத்து பஸ்ஸ விட்டா அடுத்தது ஆறரைக்குத்தான் சாரே. அது ஊருக்குள்ள போவாது. முக்குல எறங்கி ரெண்டு கிலோமீட்டர் நடக்கணும். இன்னும் ஒரு நாளு இருட்டினதுக்கு பெறவு வந்தா படிப்ப நிறுத்திருவேன்னு அவளுக்க அப்பா சொல்லியாச்சு.”

“ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான் டீச்சர்.”

“நா நேத்து அந்த ஆறரை பஸ்ஸுல போய்ப் பாத்தேன்” என்றார். செருப்பில் மணல் ஒட்டியிருந்தது. “ஒரு லைட்டும் கெடையாது. எனக்கே நெஞ்சு படபடன்னு அடிச்சு. நீங்களும் ஒரு நாளு வாரியளா? சும்மா, பாக்கத்தான்.”

நான் போகவில்லை. செய்முறை வகுப்பைக் காலைக்கு மாற்றலாமே என்று கேட்டார். செவ்வாய், புதன் காலைகளில் ஆய்வகம் காலியில்லை என்றேன். அட்டவணையில் விரலை வைத்துக் காட்டினேன். அந்த இரண்டு கட்டத்திலும் பச்சை மையில் எழுதியிருந்தது: துணைப்பாடச் செய்முறை. அதற்குக் கீழே பொறுப்பாசிரியர் என்று என் பெயர்.

அது பொய். முந்தின வருஷமே துணைப்பாட வகுப்பைப் புதுக் கட்டடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நான் அந்தக் கட்டங்களை அழிக்காமல் விட்டுவிட்டேன். அட்டவணைப்படி அந்த இரண்டு காலையும் நான் ஆய்வகத்தில் இருக்க வேண்டும். உண்மையில் தேரூர்ப் பக்கத்தில் என் வயல் வரப்பில் நின்று, தண்ணீர் பாய்கிறதா என்று பார்த்துவிட்டு, பதினொரு மணிக்குக் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு கல்லூரிக்கு வருவேன். ஒருவருக்கும் தெரியாது என்று நம்பினேன்.

ஆய்வகச் சாவி யாரிடம் இருக்கிறது என்று யோசிக்க மறந்துவிட்டேன். தங்கம் அக்காவிடம் இருந்தது. அந்த இரண்டு காலையும் ஆய்வகம் பூட்டிக் கிடப்பது அக்காவுக்கு வருஷம் முழுவதும் தெரியும். எங்கள் எட்டுப் பேரில் அக்காவிடம் ஒரு வார்த்தை பேசுகிறவர் கிடையாது. ஒன்பதாமவர் பேசினார்.

இரண்டு நாள் கழித்து, அறையில் நான் தனியாக இருக்கும் நேரம் பார்த்து டீச்சர் வந்தார். அன்றுதான் முதல் தடவையாக யார் வரவில்லை என்று அவர் கேட்கவில்லை.

“பச்ச மையில எழுதினத நா யாருட்டயும் சொல்லல்ல சாரே” என்றார் மெதுவாக. “நீங்களே அழிச்சிருங்க.”

எனக்குக் காது இரண்டும் கொதித்தது. நேற்று வந்த தற்காலிக ஆசிரியை. “ஒங்க வேலைய நீங்க பாருங்க டீச்சர்” என்றேன். “செரி” என்று போய்விட்டார். ஒரு வாரம் நான் அட்டவணையைத் தொடவில்லை. மாற்ற வேண்டுமென்றே தோன்றாத அளவுக்கு வீம்பு.

அடுத்த வியாழக்கிழமை ஆய்வகத்துக்குள் நுழைந்த டீச்சர் கேட்டார்: “யாரு வரல்ல?”

ஜெனி வரவில்லை. வெள்ளிக்கிழமையும் வரவில்லை. கேரளாவில் இறால் உரிக்கும் கம்பெனிக்கு ஊர்ப் பெண்கள் ஆறேழு பேர் போகிறார்கள், அவளையும் சேர்த்து அனுப்பப் போகிறார்கள் என்று மற்ற மூன்று பேரில் ஒருத்தி சொன்னாள். திங்கட்கிழமை ரயில். டீச்சர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நான் திருப்பிக் கோபப்பட்டிருப்பேன். ஜெனியின் காலி மேசையைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

அன்று என் மனம் மாறியது என்று எழுதத்தான் ஆசை. பயந்தேன் என்பதுதான் சரி. இந்தப் பெண் விஷயம் பெரிதானால் பச்சை மை வெளியே வரும். இருபத்துநாலு வருஷச் சர்வீஸ் நாறிப் போகும். சனிக்கிழமை காலை ஆளில்லாத நேரத்தில் கல்லூரிக்குப் போய், சவர பிளேடால் அந்த இரண்டு கட்டத்தையும் சுரண்டினேன். அட்டை நார்நாராக உரிந்தது. அதன்மேல் நீல மையில் எழுதினேன்: இரண்டாம் ஆண்டுச் செய்முறை, காலை ஒன்பதரை.

டீச்சருக்கு நானே தொலைபேசியில் சொன்னேன். “நா இப்பமே அவளுக்க வீட்டுக்குப் போறேன்” என்றார். தங்கம் அக்காவையும் கூட்டிக்கொண்டு போனதாகப் பிறகு அறிந்தேன்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் துறைத்தலைவர் புருவத்தைத் தூக்கினார். “வருஷ நடுவுல எதுக்கு டைம்டேபிள மாத்தினீங்க?” டீச்சர் முந்திக்கொண்டார்.

“சாருக்க யோசனதான். கடப்புறத்துப் பிள்ளைளுக்கு பஸ்ஸு இல்ல, அதனால காலைக்கு மாத்தலாம்னு சாரே சொன்னாவ. துணைப்பாடத்துக்கு புதுக் கட்டடத்துல எடம் இருக்கில்லியா.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். துறைத்தலைவர் கைகூடக் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன். ‘இல்லை, அப்படி அல்ல’ என்று சொல்ல அந்த அறையில் நிறைய நேரம் இருந்தது. நான் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு ஜெனி வந்தாள். அப்பா வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். மூன்று வாரத்தில் ஆறு சோதனையையும் செய்து முடித்தாள். பர்மாங்கனேட் கரைசல் சொட்டி, வெளிர் சிவப்பு நிலைத்து நிற்கும் அந்த ஒரு துளியில் குழாயை மூடுவாள். ஒரு துளி கூடாது, குறையாது. ஆறு குறிப்பிலும் கையெழுத்துப் போட்டேன். “தாங்க்யூ சார்” என்றாள் ஒவ்வொரு தடவையும். தேர்வில் நல்ல மதிப்பெண். எனக்கு வயல் பார்க்கப் போக முடியாமல் போனது. ஒரு பங்காளியிடம் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். விளைச்சல் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

அதோடு முடிந்திருந்தால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன்.

டீச்சர் என்னிடம் பழையபடிதான் இருந்தார். எனக்குத்தான் முடியவில்லை. அவர் கதவருகே வந்து நாற்காலிகளைப் பார்க்கத் தொடங்கினாலே எனக்கு அந்தப் பச்சை மைதான் கண்ணில் தெரியும். என்னைக் காட்டிக் கொடுக்காத ஒரு ஆளைத் தினமும் பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று அதுவரை எனக்குத் தெரியாது. இரண்டு வருஷம் அப்படிப் போயிற்று.

மூன்றாம் வருஷக் கடைசியில், தற்காலிக ஆசிரியர்களைப் புதுப்பிக்கும் நேரத்தில், முதல்வர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். துறைத்தலைவர் விடுப்பில் இருந்தார். அடுத்த சீனியர் நான்.

“உங்க டீச்சர் ஆளு எப்படி சார்?”

ஒரு வார்த்தை போதும். நல்ல ஆசிரியை, வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தால் வைத்துக்கொண்டிருப்பார்கள். நான் சொன்னது இது: “வேலையில கொற சொல்ல முடியாது சார். கொஞ்சம் கேள்வி கூடுதல்.”

முதல்வர் சிரித்தார். தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். நானும் கூடச் சிரித்தேன்.

கடைசி நாளில் டீச்சர் பையை எடுக்க வந்தார். கதவருகில் நின்று வழக்கம்போல் நாற்காலிகளைப் பார்த்தார். “யாரு வரல்ல?” தங்கம் அக்காவுக்குக் காய்ச்சல், நாலு நாளாக வரவில்லை என்று யாரோ சொன்னார்கள். “அய்யோ, நா அறியேல்லியே” என்றார். சாயாகூடக் குடிக்காமல் அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். எங்களிடம் விடைபெறவே மறந்துவிட்டார். முதல்வரிடம் நான் சொன்னது அவருக்குத் தெரிந்திருக்குமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிறகு நான் ஓய்வு பெற்றேன். டீச்சர் எங்கே இருக்கிறார் என்று விசாரிக்கவில்லை. கேட்டால் யாராவது சொல்லியிருப்பார்கள்.

ஏழெட்டு வருஷம் கழித்து, ஒரு நாள் மண்டைக்காட்டில் உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போக நாகர்கோவிலில் பஸ் ஏறினேன். அந்த ஆறரை மணி பஸ். ஏறி உட்கார்ந்த பிறகுதான் அது உறைத்தது. பக்கத்து இருக்கைப் பெண், “சார், என்னய ஓர்ம உண்டா? மறந்துட்டியளா?” என்றாள். ஜெனி. ஒரு கல்லூரியில் வேதியியல் துறையில் உதவிப் பேராசிரியை. அந்தத் துறையில் கடற்கரையிலிருந்து போன முதல் ஆள் தான்தான் என்றாள், கொஞ்சம் வெட்கத்தோடு.

“ஒரு காரியம் சொல்லணும் சார். எத்தன வருஷமா மனசுல கெடக்கு. நீங்க அன்னிக்கு டைம்டேபிள மாத்தலன்னா நா இப்பம் எறாலு உரிச்சுட்டு இருந்திருப்பேன். எங்க வீட்டுல டீச்சர் சொன்னாவ, சார்தான் மாத்தினாருன்னு. அப்பா இன்னிக்கும் உங்கள நெனச்சு ஜெபம் செய்வாரு.”

“இல்லம்மா, அது நான் இல்ல. நான்தான் உன்னை...” என்று தொடங்கினேன்.

அவள் கலகலவென்று சிரித்தாள். “பாத்தியளா! டீச்சர் அன்னிக்கே சொன்னாவ, ‘சாருட்ட போய் நன்றி சொல்லிராத, அவருக்கு பிடிக்காது, இல்லன்னுதான் சொல்லுவாரு’ன்னு.”

அதற்கு மேல் எதைச் சொன்னாலும் அடக்கம் என்றே அவள் எடுத்துக்கொள்வாள். உண்மையைச் சொல்லக்கூட வழியில்லாமல் என் வாயை டீச்சர் அடைத்து வைத்திருந்தார். வேறு வழியில்லாமல், “டீச்சர் இப்போ எங்க இருக்காங்க?” என்று கேட்டேன்.

“ஊருலதான். எல்லையத் தாண்டி ஒரு டுட்டோரியல்ல வகுப்பெடுக்காவ. கிறிஸ்மஸ் லீவுல நாங்க பழைய பிள்ளைங்க எல்லாரும் வருஷாவருஷம் அவங்க வீட்டுக்குப் போவோம். தங்கம் அக்காவும் வருவாவ. நீங்க ஏன் சார் வரதில்ல?”

“என்னை யாரும் கூப்பிடலையேம்மா.”

“கூப்பிடணுமா? டீச்சருக்க வழக்கம் உங்களுக்குத் தெரியாதா? எலை போட்டு சோறு வெளம்புததுக்கு முன்ன எல்லாரையும் பாத்துட்டு கேப்பாவ, ‘யாரு வரல்ல?’ன்னு. நாங்க ஒருத்தரும் பதிலு சொல்லுததுக்கு முன்ன அவங்களே சொல்லிருவாவ. ‘சாரு வரல்ல’ன்னு. வருஷாவருஷம் மொதல்ல உங்க பேருதான்.”

அவள் ஊருக்குப் பாதை பிரியும் முக்கு வந்தது. ஜெனி எழுந்து, “வாறேன் சார், டிசம்பர்ல கண்டிப்பா வரணும்” என்று கும்பிட்டுவிட்டு இறங்கினாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கடலைப் பார்த்துப் போகிற பாதையில் இன்னும் விளக்கு இல்லை. அவள் செல்போன் வெளிச்சத்தைத் தரையில் அடித்துக்கொண்டு, பழக்கப்பட்ட வேகத்தில் நடந்தாள். பஸ் திரும்பும்வரை அந்த வெளிச்சம் தெரிந்தது. ஒரு நாள் வாரியளா, சும்மா பாக்கத்தான் என்று டீச்சர் கேட்டது இதற்காகத்தான். அழுகை வந்தது. கண்டக்டர் பார்க்கிறாரே என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அந்த டிசம்பரில் எந்த நாள் என்று விசாரித்து வைத்துக்கொண்டு, மட்டி வாழைப்பழத் தார் ஒன்று வெட்டி, பழுக்க வைத்து, வெள்ளை வேட்டி கட்டி, வடசேரி பஸ் நிலையம் வரைக்கும் போனேன். டீச்சர் ஊர்ப் பக்கம் போகும் மார்த்தாண்டம் பஸ் வந்து நின்றது. டீச்சர் முன்னால் எந்த முகத்தோடு போய் நிற்பது என்று யோசித்துக்கொண்டே நின்றேன். பஸ் கிளம்பிவிட்டது. அடுத்ததும் கிளம்பியது. வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டேன்.

மணி ஒன்றேகால். அந்த நேரத்துக்கு அங்கே சோறு விளம்பத் தொடங்கியிருப்பார்கள்.